மதலேனுக்கு நீ கொடுத்த சம்மதம்

வரதராசன்பேட்டை,
9-11-2025, ஞாயித்துக்கிழமை.

மெட்ராஸ்ல பெரிய மனுஷனாகிட்ட எங்க வீட்டுச் சின்னக் கொழுந்தனார் ஆண்ட்ரூஸ் சமூகத்துக்கு, அண்ணி லீலா மேரி எழுதிக்கிற கடுதாசி. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா காவல்ல இங்க நான் சுகம், ஆடு ரெண்டும் சுகம். அங்க நீயும் ஜெயராணியும் சுகமா இருக்கணும்னு காலைப் பூசையில கேட்டுக்கிட்டேன். சாமியார் இன்னைக்குப் பிரசங்கத்தை இழுத்துட்டாரு. அதனால உனக்காக வேண்டிக்க நிறைய நேரம் கெடைச்சுது.

போன் இருக்கறப்ப கடுதாசி எதுக்குன்னு நினைப்பே. போன்ல நான் ஆரம்பிச்சா நீ "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி"ன்னு தொண்டையைக் கனைப்பே. அந்தக் கனைப்பைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துடும், கேக்க வந்ததை விட்டுடுவேன். கடுதாசின்னா கனைக்க முடியாது. உக்காந்து முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

கல்லறைத் திருநாளுக்கு நீ வருவேன்னு பாத்தோம். உங்க அண்ணன் கல்லறைக்கு நானும் அனிதாவும் சுண்ணாம்பு அடிச்சு, சாமந்திப்பூ போட்டு, மெழுகுத்திரி ஏத்தினோம். உன் பேரைச் சொல்லி ரெண்டு அதிகமா ஏத்தினேன். தூறல் போட்டுச்சு, உன்னோடது ரெண்டும்தான் முதல்ல அணைஞ்சுது. நான் ஊதலை, சத்தியமா. அனிதா திருச்சியில நர்சிங் முதல் வருஷம் நல்லாத்தான் படிக்கிறா. ஊசி போடப் பழகுறதுக்கு அவங்க கிளாஸ்ல ஆரஞ்சுப் பழம் குடுக்கறாங்களாம். சித்தப்பா வந்தா ஆரஞ்சு மிச்சம்னு சொல்லிச் சிரிக்கிறா.

உன் சீரியலைத் தெருவே பாக்குது. மூணு மாசமாச்சு. ஆரம்பத்துல உன் பேரு வருதுல்ல, "மூலப் படக்கதை, பாத்திர உருவாக்கம்: ஆண்ட்ரூஸ்"னு, நாலு விநாடி நிக்குது. நான் எண்ணிப் பாத்தேன். பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வி தினமும் கை தட்டும். அதுக்கப்புறம் அரை மணி நேரம் யாரும் கை தட்டறதில்லை.

கோவிச்சுக்காதே. நம்ம படக்கதை மதலேன் எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கான்னுதான் சொல்ல வந்தேன். பெரம்பலூர் பிளெக்ஸ் கடையில நீ வேலை பாத்தப்ப, வெட்டிப் போட்ட துண்டுத் துணியைச் சுருட்டிக்கிட்டு வருவே. நான் முந்திரிக் கொட்டாயில கொட்டை உடைச்சுட்டு வந்து உக்காருவேன். நான் சொல்லச் சொல்ல நீ பின்பக்க வெள்ளையில மார்க்கர்ல வரைவே. "அப்புறம் என்ன சொன்னா அண்ணி?"ன்னு கேப்பே. நான் அவளை மாதிரியே இடுப்புல கை வச்சுப் பேசிக் காட்டுவேன். முந்திரி ஓட்டுப் பால் பட்டு விரல் ரேகையெல்லாம் அழிஞ்சுபோன ஒரு பொம்பளை. ரேஷன் கடை மிஷின் அவளை யாருன்னு தெரியலைன்னு சொல்லும். "எனக்கு மட்டும் தெரிஞ்சா இங்க வந்து நிப்பேனா, அரிசியைப் போடு"ம்பா. முதலாளி மேசையைத் திறந்து கள்ளக் கணக்கை எடுத்துட்டுப் போவா. போலீசு பவுடர் தூவித் தூவிப் பாத்து, கடைசியில பவுடர்தான் தீந்துபோகும். மூணு புஸ்தகம் போட்டே. பெரம்பலூர் புத்தகக் கண்காட்சியில அந்த டிவிக்காரர் மூணையும் வாங்கிட்டுப் போனாரு. நம்ம நேரம்னு நினைச்சேன். நேரம்தான், யாரோட நேரம்னு அப்பத் தெரியலை.

அக்ரிமெண்ட் போட்ட அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரும் ஆதார் ரேகை வச்சுக் கையெழுத்துப் போடணும்னு, உடையார்பாளையத்துல இ-சேவைக்காரரு மிஷின்ல என் விரலை வைக்கச் சொன்னாரு. பத்து விரலையும் வச்சேன். எலுமிச்சம்பழம் தேச்சு வச்சேன். சேலையில துடைச்சு வச்சேன். மிஷின் பீ பீன்னு கத்துச்சு. போன் நம்பரைச் சேத்துட்டா ரேகை வேண்டாம்னாரு. நம்பரைச் சேக்க என்ன வேணும்னு கேட்டேன். ரேகை வேணும்னாரு. நீயும் நானும் அங்கேயே சிரிச்சு உருண்டோம், அந்த ஆளே சிரிச்சுட்டாரு. "சரி விடு தம்பி, உன் பேரை மட்டும் போடு, நீ வேற நான் வேறயா"ன்னு சொன்னது நான்தான். என் வாய்தான். வேற யாரையும் நான் குத்தம் சொல்லலை.

பஸ்ல வர்றப்ப நீ அந்தத் தாளை எனக்குப் படிச்சுக் காட்டினே. மதலேன் பேரு, தொழில், முன்கதை, இதுல எதை மாத்தினாலும் உருவாக்கினவர் எழுத்துல சம்மதிக்கணும்னு ஒரு வரி போட வச்சிருந்தே. வக்கீலே வேண்டாம்னாராம், நீ பிடிவாதமா வாங்கினியாம். எனக்கு அவ்வளவு பெருமை. ஜெயங்கொண்டத்துல இறங்கி உனக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன். நாலு தின்னே.

அந்த வரியை வச்சுத்தானே ஒண்ணொண்ணா குடுத்தே.

முதல்ல பேரு. மதலேன்னா எல்லாருக்கும் புரியாதுன்னாங்க, மந்தாகினி ஆக்கினாங்க. சரி, கொட்டை உடைக்கிறவளுக்கு ராணி பேரு, அழகாத்தான் இருக்குன்னு சிரிச்சேன். அடுத்தது கை. சேனல்காரங்க கறுத்த விரலைப் பாத்து நோய் மாதிரி இருக்குன்னாங்களாம். அதையும் கழுவியாச்சு. இப்ப மந்தாகினி விரல்ல வெளிச்சம் வருது, பிறவியிலயே சாமி குடுத்த வரமாம். இருபது வருஷம் பால்ல வெந்தது எல்லாம் வரம்னு எனக்குத் தெரியாமப் போச்சே. அடுத்தது கோயில். மாதா படம், ஜெபமாலை, பூசை மணி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பொதுவா இருக்கணுமாம். அப்ப உனக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணைக் குடுத்தாத்தான் அண்ணி ஒண்ணைக் காப்பாத்த முடியும்"னு சொன்னே. எதைக் காப்பாத்தி வச்சிருக்கேன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். நீ கனைச்சே, நான் சிரிச்சுட்டேன்.

இனிமேதான் விஷயம்.

போன மாசம் உங்க கம்பெனி ஆளுங்க உடையார்பாளையம் தாண்டி ஒரு பழைய முந்திரிக் கொட்டாயில ஷூட்டிங்குக்கு வந்தாங்க. கொட்டை உடைக்கச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. நீதான் சொல்லிவிட்டேன்னு நினைச்சுச் சந்தோஷமாப் போனேன். இல்லையாம், கொட்டாய்க்காரரு சொன்னாராம். நான் யாருன்னு அங்க யாருக்கும் தெரியாது. நானும் சொல்லலை. அந்த நடிகைப் பொண்ணு தங்கமான பொண்ணு. கட்டையைத் தலைகீழாப் பிடிச்சுது. விரலை அடிச்சுக்காத கண்ணு, வெளிச்சம் அணைஞ்சுடப் போவுதுன்னேன். அதுக்குப் புரிஞ்சு சிரிச்சுது. மத்தவங்களுக்குப் புரியலை.

அங்க கவியான்னு ஒரு பொண்ணு, உதவி டைரக்டரு. குரும்பலூர்க்காரி. நம்ம பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கிச்சு. மத்தியானம் சாப்பாட்டுல என் பக்கத்துல உக்காந்து, அடுத்து எடுக்கப்போற கதையைச் சொல்லிச்சு. மந்தாகினி புருஷன் எப்படிச் செத்தான்னு பழைய கதையாக் காட்டப் போறாங்களாம், நூறாவது எபிசோடுக்கு, கிறிஸ்மஸ் வாரத்துல வருமாம். முதலாளி நல்லவராம். கொட்டை வறுக்கிற டிரம் பக்கம் போகாதேன்னு கையைப் பிடிச்சுத் தடுக்கிறாராம். புருஷன் குடிச்சுட்டு வந்து முதலாளியைத் தள்ளிவிட்டுட்டு, தானே டிரம்முல விழுந்து சாகிறானாம். அந்தக் குத்தம் மனசுல உறுத்தி முதலாளி மந்தாகினிக்கு வாழ்க்கை குடுக்கிறாராம். கல்யாண எபிசோடுக்கு நிறையப் பேரு பாப்பாங்களாம்.

சோத்துல கை வச்சபடியே இருந்தேன். என்னக்கா, காரமான்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன்.

அப்புறம் நான் யாருன்னு அதுகிட்ட மட்டும் சொன்னேன். அது பயந்துபோச்சு. போனைத் திறந்து காட்டிச்சு. உன் மெயில். "முன்கதை மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. கதையின் தேவை புரிகிறது." கீழ உன் பேரு. எனக்கு அஞ்சாவது வரைக்கும் சிஸ்டருங்க சொல்லிக் குடுத்த படிப்பு, அதை வச்சுக்கிட்டு மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அதேதான் இருந்துச்சு.

கதையோட தேவை உனக்குப் புரியுது. சரி. எனக்குப் புரிஞ்சதையும் கேளு.

உங்க அண்ணன் குடிக்காதவரா? குடிச்சாரு. நான் மறைக்கலை. சனிக்கிழமை குடிச்சுட்டு வந்து ஆட்டுக்குட்டிக்கு முத்தம் குடுத்து, என்கிட்ட திட்டு வாங்கிட்டுத் தூங்குவாரு. ஆனா விபூதிப் புதனன்னைக்குச் சாமியார் நெத்தியில சாம்பல் பூசினா முடிஞ்சுது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சொட்டு தொடமாட்டாரு. காவி வேட்டி கட்டி, நாப்பது நாளும் வெறும் மோரும் சோறும். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவாரு, பக்கத்துல போக முடியாது. தவக்காலத்தை விட உங்க அண்ணன் குடிச்சாலே தேவலைன்னு நான் கேலி பண்ணுவேன். அவரு போனதும் தவக்காலத்துலதான், குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின வியாழக்கிழமை. டிரம் கைப்பிடி ஆணி உடைஞ்சு பத்து நாளாக் கம்பியில கட்டி ஓட்டிக்கிட்டிருந்தாங்க. மூணு தடவை போய்ச் சொன்னாரு. நாலாவது தடவை கம்பி அறுந்துபோச்சு. அந்தக் காவி வேட்டியைத்தான் ஆஸ்பத்திரியில கத்தரியால வெட்டி எடுத்தாங்க, நீதானே கையில வாங்கினே.

போதையில விழுந்தான்னு நம்ம கொட்டாய் முதலாளி எழுதிக் குடுத்தாரு. போலீசும் அப்படியே எழுதிக்கிச்சு. நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்ல ஒருத்தரும் வரலை. எல்லாரும் அந்தக் கொட்டாயிலதானே வேலை பாக்கணும். நான் அவங்களையும் குத்தம் சொல்லலை. நானும் அடுத்த மாசம் அதே கொட்டாய்க்குத்தானே போனேன்.

உன் மூணாவது புஸ்தகத்துல வந்தாங்க. மதலேன் ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு, "தவக்காலத்துல எங்க வூட்டுக்காரரு குடிச்சதைப் பாத்தவன் ஒருத்தன் இருந்தா முன்னாடி வாங்கடா"ன்னு கேப்பா. பாக்கலைன்னு சொல்லத் தெருவே எழுந்து வரும். சாராயக் கடைக்காரன் முதல் ஆளா வந்து, "நாப்பது நாளா இவன் மொகத்தையே நான் பாக்கலை ஐயா, எனக்கு யாவாரமே படுத்துப்போச்சு"ம்பான். அந்தப் பக்கத்தை வரைஞ்சு முடிச்சுட்டு நீ பிளெக்ஸ் துணி மேலேயே தலை வச்சு அழுதே. மை அழியுது எழுந்திருன்னு நான் திட்டினேன். நான் உள்ள போய் அழுதேன்.

இப்ப யோசிச்சுப் பாரு. கோயிலை எடுத்தா தவக்காலம் போச்சு. தவக்காலம் போனா அவரு குடிக்கலைன்னு சொல்ல ஒண்ணும் இல்லை. நீ அன்னைக்குப் பொதுவா இருக்கட்டும்னு தலையாட்டினப்பவே உங்க அண்ணன் கையில பாட்டிலைக் குடுத்துட்டே. உனக்கே தெரியாது. தெரிஞ்சு செஞ்சேன்னு நான் நினைக்கலை. மெயில் மட்டும் தெரிஞ்சு போட்டது.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லை. அடுத்த தொடருக்கு உன்னையே எழுதச் சொல்றதாச் சொல்லியிருக்காங்கன்னு ஜெயராணி சொன்னா. முரண்டு பிடிக்கிறவனை மறுபடி கூப்பிடமாட்டாங்க. டிஸ்கஷன் ரூம்ல ஏசி போட்டு, டீ குடுத்து, சார் சார்னு பத்துப் பேரு உக்காந்திருக்கறப்ப, பிளெக்ஸ் கடையில இருந்து வந்தவன் வேண்டாம்னு சொல்ல நெஞ்சு வேணும். கவியா சொல்லுது, "ஆண்ட்ரூஸ் சார் வேண்டாம்னா டைரக்டர் மாத்தித்தான் ஆகணும் அக்கா, அக்ரிமெண்ட்ல அப்படித்தான் இருக்கு. ஆனா சார் இதுவரைக்கும் எதுக்கும் வேண்டாம்னதே இல்லை"ன்னு. டீ நல்லா இருக்குமோ என்னமோ.

அனிதாவுக்கு அப்பா போனப்ப அஞ்சு வயசு. அவளுக்கு முகம் ஞாபகம் இல்லை. உன் புஸ்தகத்துல காவி வேட்டியோட டிரம் பக்கத்துல நிக்கிறாரே, அந்தப் படத்தைத்தான் பெட்டியில வச்சிருக்கா. இதுதான் எங்கப்பா, இந்தக் கதை நிஜம், எங்க சித்தப்பா வரைஞ்சதுன்னு ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்ட எல்லாம் காட்டியிருக்கா. அந்தப் பொண்ணுங்க எல்லாம் ஒண்ணா உக்காந்துதான் டிவி பாக்குது. கிறிஸ்மஸ் வாரத்துல அந்தப் பொண்ணுங்க அவளைத் திரும்பிப் பாக்கும். அவ என்ன சொல்லுவா? எந்தக் கதை நிஜம்னு சொல்லுவா? ரெண்டுலயும் உன் பேருதான் இருக்கு.

அவகிட்ட நான் இன்னும் சொல்லலை. என்னால வாய் திறக்க முடியலை. நான் வாய் திறக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்குன்னு சொன்னா ஊர்ல நம்பமாட்டாங்க.

அந்தப் போலீஸ்காரரு உங்க அண்ணனைப் பாத்ததில்லை. முதலாளி தன்னைக் காப்பாத்திக்க எழுதினாரு. அவங்க எழுதினப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, அழுகை வந்துச்சு, ரெண்டும் வந்து போயிடுச்சு. நீ எழுதினதைப் பாத்துட்டு ஒண்ணும் வரமாட்டேங்குது. சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன். வெற்றிச்செல்வி, என்னக்கா ஒரு மாதிரி இருக்கேங்குது.

இந்த மாசம் பத்தொன்பதாம் தேதிதான் அந்தக் காட்சியை எடுக்கறாங்களாம். எடுக்கற வரைக்கும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்க உனக்கு உரிமை இருக்குன்னு கவியா சொல்லுது. ஒரு வரி எழுதினாப் போதுமாம். நான் கம்பெனிக்கு எழுதிப் பாத்தேன், அவங்க பதில் போட்டாங்க. அக்ரிமெண்ட்ல என் பேரு இல்லையாம், அன்பான ரசிகைக்கு நன்றியாம். அதனாலதான் உன்கிட்ட வந்து நிக்கிறேன். மந்தாகினி விரல்ல ட்யூப் லைட்டே எரியட்டும், நான் கேக்கமாட்டேன். கோயிலும் வேண்டாம், மதலேன்ங்கற பேரும் வேண்டாம். முதலாளியை அவ கட்டிக்கிட்டாலும் கட்டிக்கட்டும், நான் சேனலை மாத்திக்கிறேன். செத்தவரை மட்டும் குடிகாரன் ஆக்காதே. அவரால இப்ப ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்க முடியாது.

ஜெயராணி போன வாரம் பேசினா. எட்டாம் மாசம், கால் வீங்குதுன்னா. வெந்நீர்ல உப்புப் போட்டு வைக்கச் சொன்னேன், நீதான் வச்சு விடணும், ஏசி ரூம்ல இருந்து வந்ததும். பையன் பொறந்தா மூத்தவர் பேரை வைக்கணும்னு உனக்கு ஆசையாம், ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாயா தூக்கி நிக்கணுமாம், என்ன சொல்றீங்க அக்கான்னு கேட்டா. அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டேன். உன்கிட்டயே சொல்லிடறேன்.

நீ அந்த வரியை எழுதிட்டா, சின்னப்பராஜ்னு வைப்பா. அரியலூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறி நானே வர்றேன், நானே தூக்கி நிக்கிறேன். எழுதலைன்னா வேற நல்ல பேராப் பாரு. அங்க டிவியில அழகழகா பேரு வச்சிருக்காங்க, கேட்டாக் குடுப்பாங்க. குடிச்சுட்டு டிரம்முல விழுந்து செத்தவன் பேரைத் தூக்கி ஒரு பச்சப்புள்ள தலையில எதுக்கு வைக்கணும்?

ஜெயராணிக்குச் சுகப்பிரசவம் ஆகணும், புள்ள நல்லபடியா வந்து சேரணும்னு தினமும் ஒரு ஜெபமாலை சொல்றேன். அதுல உனக்கும் ஒரு மணி இருக்கு. அது எப்பவும் இருக்கும், நீ எழுதினாலும் எழுதாட்டியும்.

பத்தொன்பதாம் தேதி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டிருக்கற,
சின்னப்பராஜ் பொண்டாட்டி
லீலா மேரி